பிஸ்டல் இல்லை, ரிவோல்வர்

துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்குப் பழகிவிட்டது. நீளமானது, கட்டையானது, கையில் அடங்குவது, தோளில் தொங்குவது எல்லாம் எனக்கு ஒரே துவக்குத்தான். தொலைக்காட்சியில் படம் ஓடும்போது யாராவது இடுப்பிலிருந்து எதையாவது உருவினால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். மகள் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் கோயில் திருவிழாக் கடையில் ஒரு பிளாஸ்டிக் துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். "தெரியா மகள், எடுத்த இடத்தில வச்சிட்டு வா" என்றேன். எங்கள் வயல் வட்டையில் பன்றி இறங்கி வேளாண்மையைக் கிண்டும் காலத்தில், ஆட்கள் கூடி, பன்றி தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைப்பதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், எனக்கு அவசரமாக வரம்பு கட்டுகிற வேலை வந்துவிடும்.

அது பொய் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். மீசை முளைக்கும் முன்பே இயக்கத்தில் இருந்தவன் நான். எந்த இயக்கம், எத்தனை காலம் என்பதெல்லாம் வேண்டாம். என் விருப்பத்தைக் கேட்டு என்னைக் கூட்டிப்போகவில்லை. போகலாம் என்று விட்டபோது நானும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்தேன், கலியாணம் முடித்தேன், மகள் பிறந்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பிடித்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். நான் வாயால் சொன்ன ஆயுதம் ஒன்று. அந்தத் தாளில் இருந்தவை வேறு. "அது எங்கே, மற்றது எங்கே?" என்று கேட்டுக் கேட்டே சில வருடங்கள் போயின. இல்லாததை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

விட்ட பிறகும் விட்டபாடில்லை. இடைக்கிடை சிவில் உடுப்பில் யாராவது வருவார்கள். "சும்மாதான் வந்தம்" என்பார்கள். விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, வயலைப் பற்றி விசாரித்து, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்பார்கள். நான் துவக்கு என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல் தெரிந்தால், அதை எங்கே படித்தாய் என்று அடுத்த கேள்வி வரும். ஒன்றும் தெரியாதவனாக இருப்பது எனக்குக் கிடைத்த ஒரே வேலி. அந்த வேலிக்குள்ளே நானும் அடைபட்டுத்தான் கிடந்தேன்.

இப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த மனைவியோ சொற்பைத்தியம். ஆங்கில ஆசிரியை. ஒரு சொல்லைக் கண்டால் அதன் தாய் யார், தகப்பன் யார், எந்தக் கப்பலில் வந்தது என்று தோண்டாமல் விடமாட்டாள். மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயன் கொண்டுவந்து இறக்கியவை என்று சோறு பரிமாறிக்கொண்டே சொல்வாள். ஒருநாள் நான் குழம்பைப் பிசைந்து வாயில் வைக்கப் போகும் நேரம், கக்கூசு என்பது ஒல்லாந்தன் தந்த சொல் என்று தொடங்கினாள். "சோறு தின்னக்குள்ள கக்கூசுக்கு என்ன அலுவல்?" என்று கத்தினேன். "சொல்லுக்கு மணமில்லதானே" என்று சிரித்தாள். பிள்ளைகள் பிழையான சொல்லைச் சொன்னால் அவளுக்குத் தாங்காது. கலியாண வீட்டுப் பந்தியில் இருந்துகொண்டுகூடத் திருத்துவாள்.

ஆனால் ஆயுதங்களின் பெயர்களை அவள் என் முன்னால் எடுத்ததேயில்லை. நான் என்ன செய்தேன், எதைத் தூக்கினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் உள்ளே இருந்த வருடங்களில் கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி வந்து பார்த்தவள், அப்போதும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அன்பா பயமா என்று எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

ஒரேயொரு தடவை நான் வேலியோரம் நின்று அவள் அந்தப் பேச்சை எடுத்ததைக் கேட்டிருக்கிறேன். பின்னேரங்களில் விறாந்தையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். அன்று ஏதோ துப்பறியும் கதையில் ஒரு பகுதி. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், பிஸ்டலுக்கும் ரிவோல்வருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டது. அவள் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் வேலி கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ரிவோல்வ் என்றால் சுற்றுவது. லத்தீனில் உருட்டுவதைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் துவக்கின் நடுவில் ஓர் உருளை இருக்கும். குளத்தில் பிடுங்கும் தாமரைக்காயில் கொட்டைகள் குழி குழியாக இருக்கின்றனவே, அப்படி அந்த உருளையில் குழிகள். ஒவ்வொரு வெடிக்கும் அது கிறுகும்; அதனால் ரிவோல்வர். எங்கள் ஊரில் சுற்றுவதையும் திரும்புவதையும் கிறுகுவது என்றுதான் சொல்வோம். "அப்ப பிஸ்டல், டீச்சர்?" அதற்கு இரண்டு கதை இருக்கிறது என்றாள். செக் நாட்டில் ஊதுகுழலுக்குச் சொன்ன ஒரு பெயர், குழாய் குழாயாக இருந்த பழைய துவக்குக்கும் ஆகி, ஜெர்மனியரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் போய், ஆங்கிலத்துக்கு வந்தது என்பார்கள். இத்தாலியில் குத்துவாள் செய்த ஓர் ஊரின் பெயர் என்பாரும் உண்டு. பிஸ்டலில் கிறுகும் உருளை இல்லை, ஞாபகம் வையுங்கள் என்று முடித்தாள்.

நான் கம்பியை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. என் கை அறிந்ததை அவள் அகராதியில் அறிந்திருந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் நாங்கள் இருவரும் மீனின் விலையைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

இனி மகளின் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படி வந்தவன். வீடும் வளவும் மனைவியுடையவை. அவளுக்கு அவளுடைய தாய் கொடுத்தது. மகள் வளர்ந்தால் அதே வளவில் அவளுக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும். வீடு எழும்பாமல் மாப்பிள்ளை பேச வாயெடுக்க முடியாது. சில பேர் பெண்பிள்ளை பிறந்த வருடமே கல் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் உள்ளே கிடந்த காலத்தால் எங்களுக்குப் பிந்திவிட்டது. அதனால் போன சித்திரைக்குப் பிறகு, கல் வைக்க நல்ல நாள் பார்த்து, ஏறாவூரிலிருந்து நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் மேசனை வரவழைத்து அத்திவாரம் வெட்டத் தொடங்கினபோது, நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பது உண்மை. மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கும்வரை என்னை இங்கே விட்டுவைத்தால் போதும் என்பதுதான் அந்த நாட்களில் நான் கோயிலில் கேட்டது.

கிணற்றடிப் பக்கத்து மூலையில் வெட்டிக்கொண்டிருந்தபோது அலவாங்கின் இரும்பு நுனி எதிலோ பட்டு ஒரு சத்தம். கல்லில் படுகிற சத்தமில்லை. உதவிக்கு வந்த இரண்டு பேரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஒருவர் அதை மண்ணோடு எடுத்துக் குழியின் விளிம்பில் வைத்தார். சுற்றியிருந்த பொலித்தீன் கிழிந்து, சதையோடு தோல் ஒட்டினமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியின் மரம் கறையான் தின்று போய்விட்டது. மிச்சம் துருவில் ஊதிப்போய், நடுவில் உருண்டு பருத்த ஓர் இரும்பு மட்டும்தான். எனக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. நடுவிலிருந்த அந்தப் பருமனைக் கண்டதும் அது எது என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.

அது என்னுடையது இல்லை. இந்த வளவில் நான் கால் வைத்தது கலியாணத்துக்குத்தான். அதற்கு முன்னால் ஊர் இடம்பெயர்ந்து வெறுமையாகக் கிடந்த வருடங்களில் இந்தக் கிணற்றில் யார்தான் தண்ணீர் அள்ளவில்லை? சீருடை போட்டவர்கள், போடாதவர்கள், ஒருவருக்கொருவர் எதிரிகள் எல்லோரும் வந்து போனார்கள். யாரோ எதற்கோ அவசரமாகப் புதைத்திருக்கிறார்கள். ஆனால் யாருடையது என்று கேட்கிறவர்களுக்கு, இந்த வளவில் பதில் சொல்லத் தோதான ஆள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

"யா அல்லாஹ்" என்றார் மேசன் காக்கா. கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவருக்கு அவருடைய பயம். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, நான் ஒண்டும் காணல்ல. நீங்களும் காணல்ல. மண்ணப் போட்டு மூடுங்க, மேல கல்லடுக்கிக் கொங்கிரீட் போட்டுத் தாறன். உலகம் முடியிற கியாமத்து நாள் மட்டும் ஆருக்கும் தெரியா."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மண்வெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் மனைவி குசினிக்குள்ளிருந்து வந்துவிட்டாள். விளிம்பில் கிடந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள்.

"என்ட புள்ளைர வீட்டுக்குக் கீழ இது கிடக்க ஏலா" என்றாள்.

"சொன்னா என்னத்தான் கொண்டு போவாங்க" என்றேன்.

"மூடினாலும் கொண்டுதான் போவாங்க. இத்தின பேர் கண்டாச்சு. நாளைக்கு ஆராவது ஒரு வாய் விட்டா, ஏன் மூடின நீங்க எண்டு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

சொன்னாலும் அகப்படுவேன், சொல்லாவிட்டாலும் அகப்படுவேன். எலிப்பத்தாயத்தில் கதவு எந்தப் பக்கம் என்று தேடுகிற நிலைதான். அவள் சேலையை மாற்றிக்கொண்டு கிராம சேவகரிடம் போனாள். நான் அந்தக் குழியின் ஓரத்திலேயே குந்தியிருந்தேன். மேசன் காக்கா சாந்துச் சட்டிகளைக் கழுவிச் சைக்கிளில் கட்டினார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பின்னேரமே பொலிசார் வந்துவிட்டார்கள். அதை எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும் என்று மறுநாள் இயந்திரத்தோடு வந்து வளவு முழுக்கக் கிண்டினார்கள். மகளுக்கு என்று வெட்டிய அத்திவாரம் எங்கே, அவர்கள் வெட்டிய குழி எங்கே என்று தெரியாமல் போயிற்று. ஓர் உடைந்த கலப்பை நுனியும் ஒரு எனாமல் கோப்பையும் கிடைத்தன. கிணற்று மோட்டருக்குப் போன வயரையும் அறுத்துவிட்டார்கள். பிறகு நான் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். மோட்டர் பிடித்துக்கொண்டு நின்றது, கிறுகவில்லை. போகும்போது, இரண்டு பேரும் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் வாளியால் தண்ணீர் அள்ளி அள்ளித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் படுவான்கரையில். போக வேண்டிய பொலிஸ் நிலையம் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். இரண்டு படகைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை ஒன்று ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி இறக்கும். அதில் ஏறி நின்றபோது, திரும்பி இதே மிதவையில் நான் வருவேனா என்று நினைத்தேன். அவள் வெள்ளைச் சேலை உடுத்து, குடையை ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவளைப்போல நின்றாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. மூடியிருந்தால் இந்நேரம் ஒரு வரிசை கல் வைத்திருப்போம்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தமிழ் ஓரளவு வரும். வாங்கில் உட்காரச் சொன்னார். சுவரோரம் இன்னொரு மேசையில் அந்தப் பை கட்டினபடி இருந்தது. முதலில் என்னைக் கேட்டார். என்ன கண்டாய்?

"துவக்கு மாதிரி ஒண்டு, சேர்."

"என்ன துவக்கு?"

"தெரியா சேர். கட்டையா இருந்திச்சு."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். எழுதும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதுகிற பழக்கம் அவருக்கு. சிங்களத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த முணுமுணுப்பில் ஒரு சொல் எனக்கு விளங்கியது. பிஸ்தோலய. கையில் அடங்கும் எல்லாம் அவருக்குப் பிஸ்டல்தான் போலும்.

பையில் கிடப்பது ரிவோல்வர். தாளில் ஏறுவது பிஸ்டல். இன்றைக்கு இது சின்ன விடயம். நாளைக்கு வேறோர் அதிகாரி வருவார். தாளையும் பையையும் வைத்துப் பார்ப்பார். "ரிவோல்வர் இருக்கிறது, நீ சொன்ன பிஸ்டல் எங்கே?" என்பார். ஒரு துருப்பிடித்த இரும்பு இரண்டு ஆயுதமாகிவிடும். இரண்டாவதை நான் எங்கே தோண்டுவது? இதே மாதிரி ஒரு தாளுக்குத்தான் நான் முன்பு வருடங்களைக் கொடுத்தேன். சேர், அது பிஸ்டல் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால், துவக்கு என்று மட்டும் தெரிந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அவர் எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். நான் பேனையை எடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

"சேர்" என்றாள் மனைவி. "அது பிஸ்டல் இல்லை. ரிவோல்வர்."

பேனை என் கையில் அப்படியே நின்றது. இந்த நாட்டில், இந்த வாவியோரத்தில், ஒரு பொலிஸ் நிலையத்தில் இருந்துகொண்டு துவக்கின் பெயரைத் திருத்துகிற ஒருத்தியை நான் கண்டதில்லை. பந்தியில் திருத்துகிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டதே என்று நினைத்தேன். அவளை வாயை மூடச் சொல்லிக் காலால் தட்டினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "டீச்சருக்கு எப்படித் தெரியும்?" கேள்வி அவளுக்கு, பார்வை எனக்கு.

"அந்தச் சொல்லாலதான் தெரியும் சேர்" என்றாள். பிறகு அந்த மேசைக்கு முன்னால் வகுப்பு நடந்தது. ரிவோல்வ் என்றால் சுற்றுவது, நம்மட பேச்சில கிறுகுறது. நடுவில் ஓர் உருளை, தாமரைக்காய் மாதிரி. அது கிறுகுவதால் ரிவோல்வர். பிஸ்டல் என்பது ஊதுகுழலின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அதில் கிறுகும் உருளை இல்லை. "நீங்க எழுதின பிஸ்தோலய எண்ட சொல்லு போர்த்துக்கேயன் கொண்டு வந்தது, சேர். மட்டக்களப்பில கோட்டை கட்டினவங்க. குழியில எடுத்ததுக்கு நடுவில உருண்டையா இருந்தத நான் கண்டன். பையை அவிழ்த்துப் பாருங்க." குரல் நடுங்கவில்லை. குடைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன.

அவர் எழுந்து போய்ப் பையை அவிழ்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் மண்ணைத் தட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் சிரிப்பா சந்தேகமா என்று பிரிக்க முடியாத ஒன்று இருந்தது. "பொலிஸ்? அது எங்கேயிருந்து?" என்று கேட்டார், பரீட்சை வைக்கிறவரைப்போல. கிரேக்கத்தில் நகரத்துக்குச் சொல்லும் சொல்லிலிருந்து என்றாள். "துவக்கு?" துருக்கிக்காரர் பக்கமிருந்து வந்தது, துப்பாக்கியும் அங்கேயிருந்துதான், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றாள்.

அதன் பிறகு அவர் என் பக்கம் கிறுகினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "டீச்சர் சொல்றது சரியா?"

ஓம் என்றால் எனக்குத் துவக்கு தெரியும் என்றாகிவிடும். இல்லை என்றால் அவள் பொய்க்காரி. அந்த ஒரு கேள்வியில் ஒரு கதவும் இல்லை. மின்விசிறி கிறுகிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இங்கிலிசு தெரியா சேர்" என்றேன். "ஆனா வீட்டில எல்லாம் அவ சொல்றதுதான் சரி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கும் வீட்டில் ஒருவர் இருக்கிறார் போலும். பக்கத்து மேசைக்காரரிடம் அதைச் சிங்களத்தில் சொல்லி இன்னொரு தடவை சிரித்தார். பிறகு தாளில் அந்தச் சொல்லைக் கோடு போட்டு வெட்டி மேலே வேறொன்றை எழுதினார். "வளவு என்ட பேரில, கண்டதைப் போய்ச் சொன்னதும் நான், அதால முதல் கையெழுத்து என்னுடையதா இருக்கட்டும்" என்று அவள் பேனையை என் கையிலிருந்து வாங்கினாள். ஒவ்வொரு வரியையும் அதிகாரியைத் தமிழில் சொல்லவைத்து, கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் வைத்தாள். அதன் கீழே நான் வைத்தேன். வாசிக்கத் தெரியாத மொழியில் நான் வைத்த இரண்டாவது கையெழுத்து அது.

அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மாவட்டத்தை விட்டுப் போவதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், அனுமதி வரும்வரை அத்திவாரத்தில் ஒரு கல்லும் வைக்கக்கூடாது. "எப்ப வரும் சேர்?" என்று கேட்டேன். "சொல்லுவம்" என்றார். அந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்ததோ தெரியவில்லை, நான் அதை நன்றாக அறிவேன்.

திரும்பும்போது மிதவையில் கூட்டம். எங்கள் ஊர்த் தயிர்க்காரர் வெறுஞ்சட்டிகள் கட்டிய சைக்கிளோடு நின்றார். நாங்கள் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றோம். வாவி அசையாமல் கிடந்தது. என் கோபம் இன்னும் ஆறவில்லை.

"உனக்கு வாய வச்சிக்கொண்டு இருக்க ஏலாதா?" என்றேன். "என்ட உயிர் போய் வந்திச்சு."

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "அவர் பிஸ்தோலய எண்டு சொல்லி எழுதக்குள்ள உங்கட முகத்தப் பாத்தன். பிழை எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்ல மாட்டீங்க, சொல்லவும் ஏலாது. கையெழுத்து வச்சிருந்தா நாளைக்கு மற்றது எங்க எண்டு உங்களத்தான் கேப்பாங்க. இன்னொருக்கா நான் பஸ் ஏறி ஏறி வர ஏலா. தெரிஞ்ச ஆளாக நானே இருந்திட்டுப் போறன்."

சொற்பைத்தியம் என்று நான் நினைத்ததை அவள் யோசித்துச் செய்திருக்கிறாள். என் வேலிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்தது; தெரியாதவளாக இருந்து அந்த வேலியின் மறுபாதியைக் கட்டியதும் அவள்தான். கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கையின்மேல் என் கையை வைத்தேன். வெளியில், ஆட்கள் நடுவில், நாங்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை.

மிதவை நடுவாவிக்கு வந்தபோது அவள் என் காதோடு கேட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்காததைக் கேட்டாள். "நான் புத்தகத்தில பாத்ததுதானே. கண்டதில்ல. உண்மையா அது கிறுகும்தானே?"

சுற்றிப் பார்த்தேன். பிறகு, "ஓம்" என்றேன். "கிறுகும்." அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

"என்ன டீச்சர் கிறுகுது?" என்றார் தயிர்க்காரர், சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு.

"கிணத்து மோட்டர்" என்றேன் நான்.

"கிணத்து மோட்டர்" என்றாள் அவளும், அதே மூச்சில்.

பிள்ளைகள் வாயில் ஒரு பிழையான சொல்லை விட்டுவைக்காதவள். பொய் சொல்லி நான் தனியாக இருந்த இடத்துக்கு அவளும் வந்துவிட்டாள் என்று விளங்கியபோது எனக்கு அழுகை முட்டியது. எங்கள் மோட்டர் நின்றுபோனதை ஊரில் கேள்விப்பட்டிருந்த தயிர்க்காரர், மோட்டர் திருத்துகிற ஒருவர் தன்னாமுனையில் இருப்பதாகவும் நல்ல வேலைக்காரர் என்றும் சொல்லத் தொடங்கினார். கரை வரும்வரை நாங்கள் இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றோம்.